முருகைக்கல்லுக்கு வெயில் காட்டிய வீடு

நெடுந்தீவில் பிறந்தவர்களுக்கு முருகைக்கல் என்றால் வேலி. கடலடியில் பவளமாய் வளர்ந்து, செத்து, அலை கரையில் தள்ளிவிட்ட கல்லை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கினால் மதில் ஆயிற்று. சீமெந்து வேண்டாம், மேசன் வேண்டாம். எங்கள் வீட்டு வேலியில் மாடு முதுகு சொறியும், காகம் எச்சமிடும், சண்டை வந்தால் அதிலிருந்தே ஒரு கல்லை உருவி எறியவும் ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கல்லுக்குப் பசிக்குமா, வெக்கையாயிருக்குமா, வெயில் காணுமா என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. நான் கலியாணம் முடித்து ஊர்காவற்றுறைக்கு வந்து, தலை நரைத்து, முழங்காலுக்கு நோவெண்ணெய் பூசும் வயதில்தான் அந்தக் கேள்விகள் என் வீட்டுக்குள் வந்தன. கேட்டவர் என் கணவர்.

அவர் கடற்தொழில் செய்தவர். பொழுது படும்போது வள்ளம் ஏறினால் விடியத்தான் கரைக்கு வருவார். மீனை விற்றுவிட்டு வந்து, சோறு தின்று, மத்தியானம் முழுக்கச் சாய்மனைக்கதிரையில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்வார். முருகைக்கல்லைப் பற்றி அவருக்கிருந்த அபிப்பிராயம் என்னுடையதைவிட மோசம். வலை அதில் மாட்டிக் கிழிந்து வரும் நாட்களில் அவர் வாயிலிருந்து வந்தவற்றை இங்கே எழுத முடியாது. அதே மனிதர்தான் பிற்காலத்தில் அதன் முன்னால் குந்தியிருந்து, "இண்டைக்குக் கொஞ்சம் முகம் வாடிப்போய்க் கிடக்கு" என்று கவலைப்பட்டார். என் முகம் வாடியதை அவர் கண்டுபிடித்த நாள் ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை.

எல்லாம் அவருடைய நெஞ்சு நோவில் தொடங்கியது. ஒரு நாள் வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பும்போது டொக்டர், இனிக் கடலுக்குப் போகவே கூடாது என்று சொன்னார்.

"வலை இழுக்காமல், சும்மா வள்ளத்தில இருந்து வரலாமோ?" என்று இவர் கேட்டார்.

"கரையில சும்மா இருங்கோ" என்றார் டொக்டர்.

கரையில் சும்மா இருப்பது எப்படி என்று அவருக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. மத்தியானம் வழக்கம்போலத் தூங்கிவிடுவார். பொழுது பட்டு, கரையில் வள்ளங்களின் எஞ்சின் சத்தம் கேட்டதும் எழும்பிவிடுவார். படலையடியில் போய் நிற்பார். நான் குசினியிலிருந்தபடி ஒரு காதை அவருடைய செருப்புச் சத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டு புட்டு அவிப்பேன். ஒரு நாள் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், வள்ளத்தை இப்போது ஓட்டுகிற அவருடைய தங்கச்சியின் மகனான மருமகனோடு முன்பக்க அணியத்தில் ஏறி இருக்கிறார். கரையில் நின்ற ஆம்பிளையள் எல்லோரும் பார்க்க நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, "இறங்குங்கோ, இல்லாட்டில் என்னையும் ஏத்துங்கோ" என்று கத்தினேன். எங்கள் பக்கத்தில் தொழில் வள்ளத்தில் பெண்கள் கால் வைப்பதில்லை. அந்த வெட்கத்தில் இறங்கினார். மற்றபடி என்மேல் இரக்கப்பட்டு இறங்கவில்லை.

அன்றிரவே சுவிஸிலிருக்கும் மகளுக்குப் போனில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் பல்லுப் பிடுங்கப் போன இடத்தில், காத்திருக்கும் அறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியைக் கண்டிருக்கிறாள். உள்ளே உப்புத் தண்ணீரில் உயிருள்ள பவளமும் மீனும் இருந்தனவாம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தனக்குப் பல்லுக்கொதி மறந்து போனதாம். "அப்பாவுக்குக் கடல்தானே வேணும்? கடலை வீட்டுக்குள்ள கொண்டு வருவம்" என்றாள். எங்கள் படலையைத் திறந்து றோட்டைக் கடந்தால் கடல். அதை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு வெளிநாட்டுக் காசு தேவைப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் தொட்டி செய்வித்து ஓட்டோவில் வந்தது. அதற்கு மேலே பூட்டும் லைற்றை மகள் பார்சலில் அனுப்பினாள். பவளம் வெளிச்சத்தில்தான் உயிர் வாழும் என்பதை அன்றுதான் அறிந்தேன். உயிருள்ள பவளத்தை உடைத்தெடுப்பது குற்றம் என்று கரையில் பலகை நட்டிருக்கிறார்கள். இவர் உடைக்கவில்லை. மருமகனின் வலையில் பழைய கயிறும் பாசியுமாய் ஒரு கல் சிக்கி வந்தது. அதில் மண்ணிறத்தில் விரல் விரலாக ஏதோ உயிரோடு முளைத்திருந்தது. "அதுவாய்த்தான் வந்தது. வந்த ஆளைக் கலைக்கேலாது. நல்லாய் வளரட்டும், பேந்து கடலில கொண்டுபோய் விடுவம்" என்றார். இரண்டு சின்ன மீன்களும் அதனோடு குடிவந்தன.

பிறகு மகள் வீடியோவில் பார்த்திருக்க, திருஇருதயப் படத்துக்கு முன்னால் நின்று ஒரு சத்தியம் செய்தார்.

"இந்தத் தொட்டிக்குள்ள இது உயிரோட இருக்குமட்டும் நான் வள்ளத்தில ஏறமாட்டன்."

மகளுக்குச் சந்தோசம். எனக்கு இல்லை. அவர் சொன்ன சொல் தவறாத மனிதர், அதுதான் பயம். அது செத்த அன்றைக்குச் சத்தியமும் முடிந்துவிடும், மனிதர் வள்ளத்தில் இருப்பார், அவருடைய நெஞ்சு நடுக்கடலில் நிற்கும். என் பிறந்த வீட்டு வேலியில் மாடு சொறிந்த கல்லின் கையில் என் தாலி இருந்தது. அதனால் அன்று முதல் அந்த வீட்டில் அதை மிகவும் வெறுத்தவளும் நான்தான், அதன் உயிருக்காக மிகவும் மன்றாடியவளும் நான்தான்.

மகள் அனுப்பிய லைற் ஊதா கலந்த நீலமாக எரிந்தது. ஆஸ்பத்திரியிலும் அப்படியொரு நிறத்தை நான் கண்டதில்லை. கறிக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்க முடியாமல் நாங்கள் சாப்பிட்டோம். அது கனகாலம் நிலைக்கவில்லை. எங்கள் கடற்காற்று அதை ஒரு பக்கத்தால் தின்றது, ஏறி இறங்கும் கரண்ட் மற்றப் பக்கத்தால் தின்றது. ஒரு நாள் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது "டிக்" என்று ஒரு சத்தம். அதோடு சரி. ஒரு வருசத்துக்கு உத்தரவாதம் இருக்கிறது என்று மகள் சொன்னாள், ஆனால் அதைக் கொண்டு சுவிஸுக்கு நேரில் வரவேண்டுமாம்.

லைற் செத்த மூன்றாம் நாள் அந்த விரல்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. அவர் போனில் வீடியோ வீடியோவாகத் தேடினார். எங்கேயோ ஒரு தேசத்தில் ஒருவர், கூரையில் ஓட்டை போட்டு வெயிலை இறக்கிப் பவளம் வளர்க்கிறாராம். இவருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. "பாத்தீரே? வெயில்தான் அதின்ர சாப்பாடு! எங்களிட்டை இல்லாத வெயிலே?"

முதலில் கூரைவரை போகவில்லை. ஒரு பேசினில் கடல்தண்ணீர் விட்டு, கல்லையும் மீன்களையும் தூக்கிப் போட்டு, முற்றத்துக்குக் கொண்டுபோனார். முற்றத்தில் நல்ல வெயில் விழும் இடம் ஒன்றுதான். அங்கே என் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசினை வைத்திருக்கிறார். நான் கண்டு கத்த, அவர் திருப்பிக் கத்த, நாங்கள் இருவரும் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு காகம் வந்து ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு முருங்கையில் போய் இருந்தது. அவர் பேசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். மிளகாயில் பாதி மணலில் கிடந்தது.

அடுத்த கிழமை மேசன் வந்தான்.

அந்தக் கூரையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்க் கனகாலத்தால் திரும்பி வந்தபோது வீட்டுக்கு நாலு சுவர் இருந்தது, ஓடு இல்லை. ஓடு மட்டுமா, கதவு, நிலை, பாத்திரம் பண்டம் ஒன்றும் இல்லை. என் சீதன அலுமாரியின் கதவு மட்டும், பெரிய நிலைக்கண்ணாடியோடு, கிணற்றடியில் மல்லாந்து கிடந்தது. யாரோ தூக்கிக்கொண்டு போகும்போது பாரம் தாங்காமல் விட்டிருக்க வேண்டும். நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து லோஞ்சியில் வந்த கண்ணாடி அது. மூலையில் ஒரு கீறல், வேறொன்றும் இல்லை. அந்தக் கதவுக்கு அளவாக ஓர் அலுமாரியைப் பிறகு செய்வித்தோம். கூரையை அங்கேயொன்று இங்கேயொன்றாய்ச் சேர்த்த ஓட்டால் மூடினோம். அந்த ஓட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி ஓடு போடப்போகிறேன் என்று ஒரு மனிதர் சொன்னால், பெண்சாதிக்கு எப்படி இருக்கும்?

கிழக்கு மேற்காக ஒரு வரிசை கண்ணாடி ஓடு. சூரியன் நகர நகர ஓர் ஓட்டின் வெயில் விட்டால் அடுத்த ஓட்டின் வெயில் பிடிக்கும் என்பது அவருடைய கணக்கு. அது நல்ல கணக்குத்தான். அந்த வரிசைக்கு நேர் கீழே, ஹோலின் நடுவில், சீமெந்தால் ஒரு திட்டுக் கட்டுவித்து அதன்மேல் தொட்டியை வைத்தார். மேசை பாரம் தாங்காதாம்.

நான் திட்டு காய்வதற்கு முன்பே சொன்னேன். "இஞ்சேருங்கோ, இது சித்திரை வெயில். நேர விழுது. மார்கழியில உது இஞ்ச நிக்காது. உங்கட கதிரையடிக்குப் போயிடும். இதை ஏன் சீமெந்தால கட்டுறியள்?"

அவர் மேசனைப் பார்த்துச் சிரித்தார். "சூரியன் கிழக்கால எழும்பி மேற்கால போறது. இவ சொல்லுறா எண்டு அது வடக்கால போகுமோ?"

மேசனும் சிரித்தான். அவனுக்குக் கூலி கொடுப்பவர் அவர்.

கலியாணம் முடித்த நாள் முதல் நான் பாயைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் பின்னால் திரிகிறேன். ஒடியல், வடகம், மிளகாய், கருவாடு என்று ஏதாவது காய்ந்துகொண்டே இருக்கும். சித்திரையில் கிணற்றடி, ஆனியில் அந்தப் பக்கம், மார்கழியில் இந்தப் பக்கம் என்று வெயில் எந்த மாதத்தில் எங்கே குந்தும் என்பது என் காலுக்குத் தெரியும். அவர் நட்சத்திரத்தைப் பார்த்து இருட்டில் வலை போட்ட இடத்தைக் கண்டுபிடிப்பார், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் வீட்டு மத்தியானம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் தாம்பத்தியத்தின் அத்தனை மத்தியானங்களையும் அவர் குறட்டை விட்டே கழித்தார். கிழக்கு மேற்கை யோசித்தவர் வடக்கு தெற்கை யோசிக்காததற்கு அதுதான் காரணம்.

கண்ணாடி ஓடு போட்ட அன்று உச்சிப் பொழுதில் வெயில் தொட்டிக்குள் நேராக இறங்கியது. தண்ணீர் அசைய அசைய ஹோல் சுவரெல்லாம் வெளிச்சம் ஓடியது. அந்தக் கல்லிலிருந்து விரல்கள் மெல்ல நீண்டு, நுனியில் பச்சை பிடித்து நின்றன. என் வேலிக்கல்லுக்குள் இப்படியொன்று இருந்ததா என்று நானும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். உடனேயே குசினிக்குப் போய்விட்டேன். அவர் கண்டால் விடமாட்டார்.

சித்திரை வெயில் எங்களுக்கே பொறுக்காது, கடலடியில் இருந்த சீவனுக்கு எப்படிப் பொறுக்கும்? ஒரு கிழமையில் தொட்டித் தண்ணீர் குளிக்க வைத்த வெந்நீர்ச் சூட்டுக்கு வந்தது. விரல்கள் வெளிறத் தொடங்கின. சாக்கை நனைத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினார். ஃபானைத் திருப்பி வைத்தார். கரண்ட் போன நேரங்களில் பனையோலை விசிறியால் விசிறினார். எனக்குக் காய்ச்சல் கிடந்தபோது அந்தக் கை விசிறியைத் தொட்டதில்லை என்பதை அப்போதே எடுத்துச் சொன்னேன். "நீர் எழும்பிப் போய் நிழலில இருப்பீர். இது பாவம், எங்க போகும்?" என்றார்.

அது உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை. தவக்காலத்தில் கோயில் சுரூபங்களை மூடும் ஊதாத் துணிகளை, திருநாள் முடிந்த பிறகு ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு வீட்டுக்காரர் கழுவி மடித்துக் கொடுப்பது வழக்கம். அந்த வருசம் எங்கள் வீட்டு முறை. நான் கழுவி உலர்த்தி மடித்துக் கதிரையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்வந்தேன். வந்தால், ஹோல் முழுக்கப் பெரிய வெள்ளிக்கிழமை. பெரிய சுரூபத்தின் துணியைக் கண்ணாடி ஓட்டுக்குக் கீழே நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருக்கிறார். தொட்டி, சுவர், திருஇருதயப் படம் எல்லாம் ஊதா.

"அந்த லைற்றும் உந்த நிறந்தானே?" என்றார். "வெக்கையும் குறையும், நிறமும் சரி."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தா. ஊதா வெளிச்சம். அதன் நடுவே இவர் முழந்தாளிட்டு, கை இரண்டையும் தொட்டியில் வைத்து, ஒன்றும் பேசாமல் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா சிலுவை அடையாளம் போட்டுத் தானும் முழந்தாளிட்டா. கறிவேப்பிலை வாங்காமலே போய்விட்டா. அடுத்த நாள் மெழுகுதிரியோடு மூன்று பெண்கள் வந்தார்கள். அதற்கடுத்த நாள் பங்குச் சுவாமி சைக்கிளில் வந்தார்.

சுவாமி மேலே பார்த்தார். "உது பெரிய சுரூபத்தின்ர துணியெல்லோ?"

"ஓம் சுவாமி. கழுவக் கொண்டு வந்தது. காயப்போட்டுக் கிடக்கு" என்றார் இவர்.

"வீட்டுக்குள்ளயோ?"

"வெயில் உள்ளுக்கு வருகுதுதானே, சுவாமி."

சுவாமி கூரையைப் பார்த்தார். வெயில் உள்ளேதான் வந்துகொண்டிருந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "இதுக்கு என்ன சாப்பாடு?"

"வெயில்தான் சுவாமி."

"எங்கட சனத்தை வருசத்தில நாப்பது நாள் ஒருசந்தி பிடிக்க வைக்க நான் படுற பாடு" என்று சொல்லிச் சிரித்தார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு, துணியை மடித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்ற பெண்களிடம், "மெழுகுதிரி கொளுத்தாதேங்கோ, தண்ணி சூடாகிப்போம்" என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சுவாமியும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார்.

துணி போன பிறகு தன்னுடைய பழைய வலையை எடுத்து, நாலைந்து மடிப்பாய் மடித்து ஓட்டுக்குக் கீழே கட்டினார். வெயில் அதற்குள்ளால் சல்லடைபோட்டு இறங்கியது. விரல்களுக்கு நிறம் திரும்பியது. காலையில் கானைத் தூக்கிக்கொண்டு புதுத் தண்ணீர் எடுக்கக் கடலுக்குப் போவார், நானும் பின்னால் போவேன். முழங்கால்வரை இறங்க உத்தரவு. அதற்கு மேலே சாரம் நனைந்தால் கரையில் நின்று கத்துவேன். அவரும் சின்னப்பிள்ளைபோல முழங்கால் தண்ணீரில் நின்று கானை நிரப்பிக்கொண்டு வருவார்.

ஆனியில் வெயில் ஒரு முழம் தெற்கே விலகியது. ஆவணியில் திரும்பி வந்து தொட்டிக்கு நேரே நின்றது. அவர் என்னைக் குசினியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினார். "பாரும், எங்க போச்சு? சொன்ன இடத்தில நிக்குது." வீட்டுக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். மார்கழிக்கு இன்னும் நாளிருந்தது.

புரட்டாதி கழிய வெயில் வடக்கே நடக்கத் தொடங்கியது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. வானம் வெளிக்காமல் கிடந்த நாட்களில் யார் சொன்னது சரி என்று தெரியவில்லை. மார்கழியில், நத்தாருக்குப் பிறகு, மழை விட்டுப் பளீரென்று வெயில் எறித்த முதல் மத்தியானம், கண்ணாடி ஓட்டால் இறங்கிய வெயில் தொட்டியைத் தொடாமல் ஓர் ஆள் நீளம் தாண்டிப்போய்ச் சாய்மனைக்கதிரையில் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய திறந்த வாயில் விழுந்தது.

நான் சிரித்திருக்க வேண்டும். அத்தனை மாதமும் அந்தச் சிரிப்பைச் சேர்த்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் தொட்டியைத் திரும்பிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. மழை நாட்களிலேயே சுருங்கியிருந்த விரல்கள் சாம்பல் பிடித்துக் கிடந்தன. இரண்டொன்று நுனியில் வெறும் வெள்ளை. அது என் பிறந்த வீட்டு வேலியின் நிறம். எனக்குப் பயமாக இருந்தது.

தொட்டியை நகர்த்தலாம் என்றால், அது சீமெந்துத் திட்டின்மேல் இருக்கிறது. ஓட்டை மாற்றலாம் என்றால், மழைக்காலத்தில் கூரையில் ஏற மேசன் வரமாட்டான். வலை மடிப்பைக் கழற்றினார், பிரயோசனமில்லை. இரண்டு நாள் அதன் முன்னால் இருந்தார். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் கொட்டிலுக்குப் போனார். நான் குசினி யன்னலால் பார்த்தேன். மழைக்கோட்டை எடுத்து உதறினார். நங்கூரக் கயிற்றை அவிழ்த்து, பிய்ந்த இடம் பார்த்து, திருப்பிச் சுற்றினார். முகத்தில் கவலையும் இருந்தது. கவலைக்கு அடியில் ஒரு வெளிச்சமும் இருந்தது. அந்த வெளிச்சத்தைக் கண்டதும்தான் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன்.

நான் அறைக்குள் போனேன். அலுமாரியின் பிணைச்சல் துருப்பிடித்திருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, கறிக்கத்தியின் நுனியால் திருகி, கதவைக் கழற்றினேன். நிலைக்கண்ணாடியோடு அந்தப் பாரம், என்னைப் போல இரண்டு பேர் தூக்கவேண்டியது. தூக்கவில்லை, பழைய சாக்கைக் கீழே போட்டு இழுத்தேன். ஹோலுக்குக் கொண்டுவந்து, வெயில் விழுந்துகொண்டிருந்த அவருடைய சாய்மனைக்கதிரையில் மல்லாக்கச் சாய்த்தேன். முதலில் வெயில் கூரைக்குப் போனது. கொஞ்சம் நிமிர்த்தினேன், திருஇருதயப் படத்துக்குப் போனது. திருப்பினேன், யன்னலால் வெளியே பாய்ந்து, கொட்டிலில் நின்றவரின் முகத்தில் போய் அடித்தது.

"ஆரடாப்பா அது?" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

கத்திக்கொண்டே உள்ளே வந்தார். அதற்குள் வெயிலைத் தொட்டிக்குள் திருப்பிவிட்டேன். சாம்பல் பிடித்த கல்லில் வெயில் விழுந்தது. அவர் கதவில்லாத அலுமாரியை எட்டிப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் எங்க படுக்கிறது?"

"இவ்வளவு நாளும் படுத்தது காணும். உந்த ஸ்ரூலில இருங்கோ. வெயில் நகர நகரக் கண்ணாடியைத் திருப்பவேணும். எனக்குக் குசினியில வேலை கிடக்கு."

பிறகு மழைக்கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்ரூலை இழுத்துப் போட்டார். "நீர் பிடிக்கிற பிடியில கண்ணாடி விழப்போகுது. விடும், நான் பிடிக்கிறன்."

அப்படியாக, எங்கள் வீட்டில் மத்தியானத்தில் சாய்மனைக்கதிரையில் படுத்திருப்பது அலுமாரிக் கண்ணாடி. அதற்கு முன்னால் ஸ்ரூலில் கூனிக்கொண்டு, அரைக்கால் அங்குலம் திருப்பி, பார்த்து, திருப்பிக்கொண்டிருப்பவர் என் கணவர். உயிர் போனது என்று நினைத்த கல்லில் தை பிறந்த பிறகு ஒரு விரல் மண்ணிறத்துக்குத் திரும்பியது. அவர் மகளுக்கு வீடியோ காட்டினார். யோசனை யாருடையது என்று அவள் கேட்டதற்கு, "நாங்கள் ரெண்டு பேரும்தான்" என்று சொன்னார். நான் அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் ஒரு பொழுதுபட்ட நேரம். நான் குசினியில் இருந்தேன். கரையில் முதல் வள்ளத்தின் எஞ்சின் கேட்டது, பிறகு அடுத்தது. வழக்கம்போல ஒரு காதைச் செருப்புச் சத்தத்துக்குக் கொடுத்தேன். சத்தமில்லை. படலையடியில் ஆளில்லை. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கட்டிலில் குப்புறக் கிடந்தார். நெஞ்சு என்று நினைத்துவிட்டேன். மூக்கடியில் கையை வைத்தேன். சூடாக மூச்சு வந்தது. பிறகு குறட்டையும் வந்தது.

என் கை பட்டு ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன?"

"ஒண்டுமில்லை. படுங்கோ."

"வள்ளங்கள் போயிட்டுதோ?"

"ஓம், போயிட்டுது."

"கண்ணாடியைக் கவனமாய்ச் சாத்தி வைச்சனீரோ?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் திரும்ப நித்திரையாகிவிட்டார். மத்தியானம் முழுக்க முழித்திருந்த மனிதருக்குப் பொழுது பட்டதும் நித்திரை வரும் என்கிற சின்ன விசயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை வருசம் அந்த நேரத்தில் நான் தனியாகக் கிடந்திருக்கிறேன். அடுப்பில் புட்டுப்பானை வற்றிக் கருகும் மணம் வந்தது. நான் எழும்பவில்லை, கட்டில் விளிம்பில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

போன கிழமை மகள் போன் எடுத்தாள். ஹோலில் இவர் கண்ணாடியோடு இருந்தார்.

"அம்மா, புது லைற் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன். உப்புக்காத்துக்கும் பழுதாகாதாம், கரண்ட் போனாலும் பற்றறியில எரியுமாம். அனுப்பட்டே?"

"வேண்டாம் பிள்ளை."

"ஏனம்மா? அப்பா பாவமெல்லோ? இந்த வயசில மத்தியானம் ஒரு கண் மூடாமல் அந்தக் கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டு..."

"அதுக்குத்தான் வேண்டாம் எண்டுறன். லைற் வந்தால் அப்பா மத்தியானம் படுப்பார். மத்தியானம் படுத்தால் பொழுதுபட எழும்புவார்."

"சரியம்மா, அனுப்பேல்லை" என்றாள்.

"இஞ்சேரும்!" என்று ஹோலிலிருந்து கூப்பிட்டார். "வெயில் சரியுது, கெதியா வந்து இந்தப் பக்கத்தைப் பிடியும்."

போனை வைத்துவிட்டுப் போய்ப் பிடித்தேன்.